உதடு அசைந்தால் போதும்

சூப்புக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத்தான் கோரா வெட்சல் பேச ஆரம்பித்தாள். அவள் பேசுவதற்கு இரண்டு கையும் வேண்டும். ஏழு வயதில் வந்த காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காதை மட்டும் கொண்டுபோன பெண் அவள். எதிரே உட்கார்ந்திருந்த அவள் புருஷன் ஏமஸ் பிறவியிலேயே காது கேளாதவர். அமெரிக்காவில் அக்ரன் நகரத்து டயர் தொழிற்சாலையில் அவரைப்போல நானூறு பேர் இருந்தார்கள். எத்தனை இரைச்சலிலும் முகம் சுளிக்காமல் வேலை செய்வார்கள் என்று தேடிப் பிடித்து எடுத்த ஆட்கள். உருளை இயந்திரம் ஏமஸின் வலது கையில் இரண்டு விரலைத் தின்றிருந்தது. அதனால் அவர் கைப்பேச்சில் கொஞ்சம் மழலை உண்டு. பழகியவர்களுக்குப் புரியும்.

அந்த வீட்டில் காது கேட்கிற ஒரே ஆள் மகன் பர்ட். பதினேழு வயதில் நாடகக் கம்பெனியோடு கிளம்பிப் போனவன், பதினோரு வருஷம் கழித்து இப்போதுதான் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறான். பேசாப் படக் காலத்துச் சினிமாவில் அவன் பெயர் வாலஸ் டென்ஹாம். அன்று மத்தியானம் இரண்டரை மணி ஆட்டத்துக்கு அவன் நடித்த படம். ஊர்க் கேளாதோர் கிளப்பு முன்வரிசைகள் ஆறையும் மொத்தமாக எடுத்திருந்தது.

"போன வாரம் ஒரு படம் பார்த்தோம்டா," என்றன கோராவின் கைகள். "கதாநாயகன் பெரிய சீமான். தோட்டத்துல அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, கண்ணு கலங்கி என்னமோ சொல்றான். எழுத்து அட்டையில என்ன வருது? 'என் உயிரே உன்னிடம்தான் இருக்கிறது.' ஆனா அவன் வாய் என்ன சொல்லுச்சு தெரியுமா?"

"சொல்லு, சொல்லு," என்றார் ஏமஸ். அவருக்கு ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் மறுபடி பார்க்க ஆசை.

"'இவ்வளவு வெங்காயத்தைத் தின்னுட்டு எதுக்குடி கிட்ட வந்தே, மாடே!' அப்படிங்கிறான். அவளும் சும்மா இல்ல. 'உன் பல்லு நாத்தத்துக்கு வெங்காயம் தேவலை'ங்கிறா."

சொல்லிவிட்டு கோரா சிரித்தாள். தொண்டையிலிருந்து கீச்சென்று கிளம்பி, நடுவில் அறுந்து, மறுபடி கிளம்புகிற சிரிப்பு. அந்தச் சத்தத்தை அவள் கேட்டதில்லை. அந்த வீட்டில் அதைக் கேட்க பர்ட் ஒருத்தனைத் தவிர ஆளும் இல்லை. அவன் கையிலிருந்த கரண்டி பாதி வழியில் நின்றது. ஆனால் அது சிரிப்புச் சத்தத்தால் அல்ல.

"சினிமாவுல பேசுறவங்க வாயைப் படிப்பியா, நீ?" என்று கேட்டான். கை பழக்கம் விட்டுப்போயிருந்ததால் குழந்தை பேசுகிற மாதிரி வந்தது.

"ஏன், நீ திருடித் தின்னுட்டு இல்லேன்னு புளுகுனதை எதை வச்சுடா கண்டுபிடிச்சேன்? உன் வாயை வச்சுத்தானே? அங்க வாய் ஒரு ஆள் உயரத்துக்கு வருது. படிக்கிறது இன்னும் சுலபம்."

"உங்கம்மா படிக்கிறது மட்டுமில்ல," என்றார் ஏமஸ். "பியானோக்காரம்மா பக்கத்துல ஒரு சின்ன விளக்கு இருக்கில்ல, அதுக்கிட்ட எங்களைப் பார்த்து நாற்காலி போட்டு உட்கார்ந்துக்குவா. எங்களுக்கு வாய் படிக்க வராது. அவன் அவன் நிஜமா என்ன சொல்றான்னு அப்பப்ப எங்களுக்குச் சொல்லிடுவா. கிளப்புல பாதிப் பேர் படம் பார்க்க வர்றான், பாதிப் பேர் உங்கம்மாவைப் பார்க்க வர்றான்."

"இன்னைக்கு என் பிள்ளை வாய்," என்றாள் கோரா. மகன் பெயரைச் சொல்லும்போது இரண்டு விரலால் தாடையைத் தட்டினாள். நாலு வயதில் படியில் விழுந்து அவன் தாடையில் வாங்கிய தழும்புதான் அவன் பெயர். கிளப்பே சேர்ந்து வைத்த பெயர் அது. "ஒரு வார்த்தை விடாம சொல்லப் போறேன்."

சூப்பு ஆறிக்கொண்டிருந்தது. பர்ட் கரண்டியைக் கீழே வைத்தான். அம்மா வாய் படிப்பாள் என்பது அவனுக்குத் தெரியாத விஷயமா? இந்த உலகத்தில் அவனுக்கு முதலில் தெரிந்த விஷயமே அதுதான். அதை அவன் நினைக்கவில்லை, அவ்வளவுதான். கேமராவுக்கு முன்னால் நிற்கிறவன் எவனும் அதை நினைப்பதில்லை. சத்தம் எங்கேயும் போகாது என்கிற தைரியம்.

அந்தப் படம் முதலில் நாடகம். 'பனியில் ஒரு கதவு' என்று பெயர். நியூயார்க்கில் இரண்டு வருஷம் ஓடியது. அதற்குப் பிறகு ஊர் ஊராகப் போன கம்பெனியில் மகன் வேஷம் போட்டது பர்ட். ஓடிப்போன மகன் பனியில் திரும்பி வந்து, சாகக் கிடக்கிற தாயின் கட்டிலருகே மண்டியிட்டு ஏழு நிமிஷம் பேசுகிற கட்டம்தான் நாடகத்துக்கு உயிர். இரண்டு வருஷம், ஞாயிறு தவிர தினமும், புதன் சனி இரண்டு தடவை, அந்த ஏழு நிமிஷத்தைப் பேசினான். கடைசியில் பேசிக்கொண்டே ராத்திரி எந்த ஹோட்டலில் சாப்பிடலாம் என்று யோசிக்கிற அளவுக்குத் தேய்ந்துவிட்டது.

ஃபோர்ட் லீயில் இருந்த கண்ணாடிக் கூரைப் படப்பிடிப்புக் கொட்டகையில் அதைப் படமாக எடுத்தபோது, டைரக்டர் ஒடெல் ஏழு நிமிஷத்தையும் இரண்டு எழுத்து அட்டையாக வெட்டிவிட்டார்.

"படம் பார்க்க வர்றவன் அட்டை படிக்கிறதுக்கா வர்றான்? உன் மூஞ்சிதான் எனக்கு வேணும். ஒரு நிமிஷம், கிட்டத்துல வச்சு எடுக்கப் போறேன். என்ன வேணா சொல்லு. உதடு அசைஞ்சா போதும்."

முதல் தடவை நாடக வசனத்தையே சொன்னான். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "என்னய்யா, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கு," என்றார் ஒடெல். இரண்டாம் தடவையும் அப்படித்தான். கட்டிலில் தாயாக வேஷம் போட்டுப் படுத்திருந்த மிஸஸ் லோரிமர் கண்ணைத் திறக்காமல், "தம்பி, என்னைச் சீக்கிரம் சாக விடுப்பா, முதுகு பிடிச்சுக்கிச்சு," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கேமராக்காரன் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே, "செத்துப்போன உங்கம்மாவை நினைச்சுக்கோயேன்," என்றான். தாய் தகப்பன் இரண்டு பேரும் இல்லை என்றுதான் பர்ட் அங்கே சொல்லி வைத்திருந்தான்.

அந்தச் சிரிப்பு நிற்கக்கூடாது என்று பர்ட்டுக்கு ஒரு வெறி வந்தது. முகத்தை அழுகையாகவே வைத்துக்கொண்டு, மிஸஸ் லோரிமரின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னான்:

"எங்கம்மாவா? அது செவிட்டு ஊமை. சிரிச்சா கோழிக் கழுத்தைத் திருகுன சத்தம் வரும். பத்து வயசுல கடை கடையா அதுக்குப் பதிலா நான் பேசிப் பேசி என் மானமே போச்சு. செத்துடுச்சுன்னு உங்ககிட்ட சொன்னது பொய். அது இன்னும் சாகல. இந்தக் கிழவி மாதிரி சட்டுனு போய்ச் சேர்ந்தா, நானும் வீட்டுக்கு நாலு பேரைக் கூட்டிக்கிட்டுப் போவேன்."

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. எல்லோரும் அதைக் கட்டுக்கதை என்றுதான் நினைத்தார்கள். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிற்று. அது சிரிப்பில் வந்ததா வேறு எதிலாவது வந்ததா என்று அவனுக்கே விளங்கவில்லை. ஒடெல் கையை ஆட்டி, "அப்படியே! அப்படியே! நிறுத்தாதே!" என்று கத்தினார். படத்தில் வைத்தது அந்தத் தடவையைத்தான்.

மேசையிலிருந்து பர்ட் எழுந்தான். "எங்கடா கிளம்பிட்டே? ஆப்பிள் பை சுட்டு வச்சிருக்கேன்," என்றாள் கோரா.

"சிகரெட்டு வாங்கணும். நேரா தியேட்டருக்கு வந்துடறேன்."

"நானும் வர்றேன்," என்று ஏமஸ் எழுந்தார்.

"வேண்டாம்ப்பா. சாப்பிடுங்க."

தொப்பியை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு நடந்தான். தெருவெல்லாம் கந்தக நாற்றமும் வெந்த ரப்பர் நாற்றமும். சின்ன வயதில் சட்டையில் அந்த நாற்றம் ஒட்டியிருக்கிறதா என்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குள் நுழைவான். தியேட்டர் பின்பக்கத்து இரும்புப் படியில் ஏறினான். மேலே தகரம் அடித்த அறையில் கோவாச் என்கிற ஹங்கேரிக்காரர் பனியனோடு உட்கார்ந்து படம் ஓட்டுகிற இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"உள்ள வரக்கூடாது," என்றவர் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "அட! நீங்களா! காலையிலதான் உங்களை ஓட்டிப் பார்த்தேன். உட்காருங்க. அந்தச் சாவுக் கட்டத்துல அழுதுட்டேன், ஐயா. எங்கம்மாவைப் புதைச்ச அன்னைக்கு அழுதது, அப்புறம் இன்னைக்குத்தான்."

"அந்தக் கட்டத்தைப் பத்தித்தான் வந்தேன். அதுல என் மூஞ்சி கிட்டத்துல வர்ற துண்டை மட்டும் கத்திரிச்சு எடுத்துடுங்க."

கோவாச் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "என்ன சொல்றீங்க?"

"இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும். அப்புறம் ஒட்டிக்கலாம்."

"படம் நாளைக்கு கான்டன் ஊருக்குப் போகணும். கத்திரி பட்டுச்சுன்னா என் வேலை போயிடும். அதுவுமில்லாம எதுக்கு? அதுதானே படமே!"

"நல்லா நடிக்கல."

"நடிக்கிறவங்க எல்லாருக்கும் இந்தக் கிறுக்கு உண்டு போல."

"சரி, கத்திரிக்க வேண்டாம். அந்த இடத்துல வேகமா சுத்துங்க. எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு."

கோவாச் அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஏன் என்று இன்னொரு தடவை கேட்டால் சொல்லிவிடுவோமோ என்று பர்ட்டுக்குப் பயமாக இருந்தது. அவர் கேட்கவில்லை. "அஞ்சாவது ரீலு. சுத்துறேன், போங்க. சனியன் பிடிச்ச தொழில்," என்றார்.

இரண்டரைக்கு முன்வரிசைகள் ஆறும் நிறைந்திருந்தன. நூற்றுச்சொச்சம் பேர். பின்னால் காது கேட்கிற ஜனங்கள். கிளப்புக்காரர்கள் வரிசைக்கு வரிசை திரும்பி உட்கார்ந்து, கைகளால் வம்பளந்துகொண்டிருந்தார்கள். பர்ட்டை அப்பாவுக்கும் மின்னி ஹஸ்டட் என்கிற தையல்காரிக்கும் நடுவில் உட்காரவைத்தார்கள். மின்னியும் அம்மாவைப்போல வாய் படிக்கிறவள். அவளைப்போல இன்னும் ஐந்தாறு பேர் உண்டு. ஆனால் கோராவின் கைக்கு இருக்கிற ருசி வேறு யாருக்கும் வராது என்று ஒதுங்கிக்கொண்டவர்கள்.

"ஏண்டா, எலும்பா போயிட்டே? சினிமாவுல சோறு போட மாட்டாங்களா?" என்று மின்னி அவன் விலாவில் இடித்தாள். "கல்யாணம் பண்ணிட்டியா இல்ல தினம் ஒருத்தியைக் கட்டிப்பிடிக்கிறதே போதும்னு இருக்கியா?"

விளக்கு அணைந்தது. பியானோப் பக்கத்து விளக்கு மட்டும் எரிந்தது. அதற்கடியில் கோரா, நீலக் கவுனில், கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, உடம்பு வரிசைகளைப் பார்த்தும் தலை திரையைப் பார்த்துமாக உட்கார்ந்திருந்தாள். திரையில் வாலஸ் டென்ஹாம் என்று பெயர் விழுந்ததும் ஆறு வரிசையிலும் கைக்குட்டைகள் எழுந்தன. அவர்கள் கைதட்டுவதில்லை. கைக்குட்டையை ஆட்டுவார்கள். வெள்ளையாக நூறு கைக்குட்டை. கோரா அவற்றைப் பார்த்துவிட்டு இரண்டு விரலால் தாடையைத் தட்டினாள். என் பிள்ளை.

முதல் நாலு ரீலும் கும்மாளமாகப் போயிற்று. வில்லன் துப்பாக்கியை நீட்டி மிரட்டுகிற இடத்தில் கோராவின் கை, "சீக்கிரம் முடிங்கய்யா, மீசை கழண்டு வருது," என்றது. கடன்காரனாக வந்தவன் கையை ஓங்கி, "வெளிய மழை வருது, என் குடையை யாரு எடுத்தது?" என்றான். ஏமஸ் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். பர்ட்டும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் அப்பா பார்ப்பார்.

ஐந்தாவது ரீல். பனி. கதவு. கட்டில்.

கோவாச் சொன்ன சொல் தவறவில்லை. முகம் கிட்டத்தில் வந்த உடனே படம் பறந்தது. திரையில் பர்ட்டின் உதடு தையல் இயந்திர ஊசி மாதிரி அடித்துக்கொண்டது. கோரா கண்ணைச் சுருக்கி முன்னால் சாய்ந்தாள். கையை விரித்து, "புரியல," என்றாள். பர்ட் மூச்சு விட்டான்.

பின்னால் காது கேட்கிறவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். சாவுக் கட்டில் பக்கத்தில் ஒருத்தன் குரங்கு மாதிரி வெட்டி வெட்டி அழுதால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? தியேட்டர் முதலாளி பிங்கெல் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, "என்னய்யா பண்றே மேல!" என்று கத்திக்கொண்டே படியேறுகிற சத்தம் பர்ட்டுக்குக் கேட்டது. அந்த ஆறு வரிசையில் அது கேட்டது அவனுக்கு மட்டும்தான். மேலே ஏதோ வாக்குவாதம். படம் நின்றது. அதே ரீலைப் பின்னுக்குச் சுற்றி மறுபடி விட்டார்கள். இந்தத் தடவை கைப்பிடி பிங்கெல் கையில் இருந்ததோ என்னவோ, அந்த முகம் அதுவரை எந்த ஊரிலும் ஓடாத அளவுக்கு நிதானமாக ஓடிற்று. ஒவ்வொரு எழுத்துக்கும் உதடு திறந்தது, மூடியது.

"எங்கம்மாவா?" என்றது கோராவின் கை, சிரிப்பு மாறாமல்.

அடுத்த வார்த்தைக்காக அவள் விரல் காதை நோக்கிப் போயிற்று. பாதியில் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே அந்தரத்தில் நின்ற விரல் மெல்ல இறங்கி மடியில் விழுந்தது. கண் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. மகனின் வாய் திறந்து மூட, திறந்து மூட, அவள் படித்துக்கொண்டே இருந்தாள்.

ஆறு வரிசையும் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏமஸ் பொறுக்கமாட்டாமல் எழுந்து நின்று, விளக்கு வெளிச்சத்தில் தெரிகிறமாதிரி கையை உயர்த்தினார். "என்ன சொல்றான்? ஏன் நிறுத்திட்டே? சொல்லு!"

கோரா புருஷனைப் பார்த்தாள். பிறகு மறுபடி திரையைப் பார்த்தாள். கைகள் மடியிலிருந்து எழுந்தன.

"அம்மா," என்றன அந்தக் கைகள். "நான் வந்துட்டேன், அம்மா. கண்ணைத் திற. வெளியில பனி. இத்தனை நாள் வராம இருந்துட்டேன். இனிமே போகமாட்டேன்."

திரையில் அவன், அது இன்னும் சாகல, என்றான்.

"நீயும் போகாதே," என்றன கைகள்.

அவள் முடித்துவிட்டாள். ஆனால் திரையில் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. சொல்ல வேறொன்றும் அகப்படாமல், "போகாதே. போகாதே," என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். உதடு நிற்கிறவரை சொன்னாள்.

பர்ட் எழுந்திருக்கலாம். அந்த விளக்கை மறைத்துக்கொண்டு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தொப்பியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்து விட்டுக்கொண்டான். பக்கத்தில் மின்னி ஹஸ்டட் கையில் பிடித்திருந்த கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்து, பையின் கொக்கியை மாட்டினாள். அவன் முழங்காலில் பட்டுக்கொண்டிருந்த தன் பாவாடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதற்கு முன்வரிசையில் நாலைந்து தலைகள் குனிந்திருந்தன. ஏமஸ் மூன்று விரல் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மகன் தோளை இறுக்கிப் பிடித்தார்.

அரங்கை விட்டு வெளியே வந்ததும் கிளப்புக்கு நடந்தார்கள். ஏமஸ் முன்னால் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடியே படத்தை விவரித்துக்கொண்டு போனார். பர்ட் அம்மா பக்கத்தில் போய் நடந்தான்.

"அம்மா."

அவள் தெருவைப் பார்த்து நடந்தாள். அவன் முன்னால் போய் நின்று, "அது விளையாட்டு. எல்லாரும் அங்க அப்படித்தான். நான் நிஜமா..." என்று ஆரம்பித்தான். அவன் கை தெருவுக்கே தெரிகிறமாதிரி பெரிதாகப் பேசிற்று. அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். தன் கையை இடுப்புக்குக் கீழே, பாவாடை ஓரத்தில் வைத்து, ரகசியம் பேசுகிறமாதிரி சின்னதாகப் பேசினாள்.

"அப்பாவுக்குத் தெரியக்கூடாது."

"சரி."

"என் சத்தம் அவ்வளவு மோசமா இருக்கும்னு எனக்குத் தெரியாதுடா. நாற்பத்தஞ்சு வருஷமா யாரும் சொல்லல. நீ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே சொல்லியிருக்கலாம். வாயை மூடிட்டு இருந்திருப்பேன்."

அவன் பதில் சொல்லக் கையைத் தூக்குவதற்குள் அவள் தாண்டிப் போய்விட்டாள். அவள் முதுகோடு பேச முடியாது.

இரும்புச் சாமான் கடைக்கு மேல்மாடியில் கிளப்பு. பன்றித் தொடைக்கறி, உருளைக்கிழங்கு சாலட், புளிக்கவைத்த முட்டைக்கோஸ், காப்பி. சமைத்தவர்கள் எல்லாம் காலையிலிருந்து இதற்காகவே சமைத்தவர்கள். அதற்குள் சங்கதி பாதி அறைக்குத் தெரிந்திருந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்க வேண்டியதில்லை, கைகள் மூலைக்கு மூலை பேசிக்கொண்டிருந்தன. பர்ட் திரும்பிய பக்கமெல்லாம் கைகள் பாக்கெட்டுக்குள் போயின. யாரும் அவனைத் திட்டவில்லை. தட்டில் கறி வைத்தார்கள். காப்பி ஊற்றினார்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

தெரியாத மீதிப் பாதியில் ஏமஸ் இருந்தார். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல அந்த அறையில் ஒருத்தருக்கும் மனம் வரவில்லை.

வார்னிஷ் அடிக்கிற பெரிய தடியன் ஒருத்தன் முசுட்டு மேஸ்திரியைப் பற்றி ஒரு கதை சொன்னான். மேஸ்திரி கேளாதவன் முதுகுக்குப் பின்னால் நின்று அரைமணி நேரம் கத்தித் தொண்டை கட்டிப்போன கதை. அறை முழுக்கச் சிரித்தது. ஒவ்வொருவர் தொண்டையிலிருந்தும் ஒவ்வொரு விதமான சத்தம். கோராவும் சிரித்தாள். கைக்குட்டையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டு, தோள் மட்டும் குலுங்க, ஒரு சின்னச் சத்தமும் வராமல் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு மகனைப் பார்த்தாள், ஏதாவது கேட்டுவிட்டதா என்று பார்க்கிற மாதிரி.

பர்ட் தட்டைக் கீழே வைத்தான். ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தான். அதற்குள் ஏமஸ் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று, கூரை விளக்கை இரண்டு தடவை அணைத்து ஏற்றினார். எல்லோரும் திரும்பினார்கள்.

"என் மகன் இந்த நாடகத்தை ரெண்டு வருஷம் மேடையில பேசினவன்! ஏழு நிமிஷப் பேச்சு! படத்துல ரெண்டு அட்டைதான் போட்டான் களவாணி டைரக்டர். மிச்சத்தை கோரா கொஞ்சம் சொன்னா. முழுசா அவனே நம்ம பேச்சுல சொல்லட்டும்! கோரா, நீ கூப்பிடு அவனை. நீதானே பெத்தே."

கோரா எழுந்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். தாடையைத் தட்ட வேண்டிய இடத்தில் அவள் கை முகத்துக்கே போகவில்லை. விரல்கள் ஒவ்வொரு எழுத்தாக மடங்கி நிமிர்ந்தன. வா. ல. ஸ். டெ. ன். ஹா. ம். வெளியூர்க்காரனை, புதிதாக வேலைக்கு வந்தவனை, இன்னும் பெயர் வைக்காத ஆளை அப்படித்தான் சொல்வார்கள்.

"என்ன எழுத்துக் கூட்டுறே?" என்று ஏமஸ் நாற்காலி மேலிருந்தே சிரித்தார். "பெரிய நடிகன்னு மரியாதையா? ஏறி வாடா, தாடை!"

வேறு யாரும் சிரிக்கவில்லை. பர்ட் நடுவில் வந்து நின்றான். அப்பாவின் முகம் அத்தனை பேர் தலைக்கும் மேலே, பொங்கிப்போய், நனைந்து தெரிந்தது. முடியாது என்று சொன்னால் ஏன் என்று அவர் கேட்பார். அவன் கையைத் தூக்கினான்.

"அம்மா, இந்தக் கதவை நான் சாத்திவிட்டுப் போன அன்றும் பனிதான் பெய்தது..."

இங்கிலீஷில் எண்ணூறு தடவை சொன்ன வசனம். கையில் சொல்லும்போது வார்த்தை தடுக்கிற்று. மன்னிப்புக்கு எந்த அடையாளம் என்று ஒரு நொடி மறந்து, சின்ன வயதில் சொன்னமாதிரி நெஞ்சை வட்டமாகத் தேய்த்தான். எத்தனையோ மேடையில் வராத அழுகை இப்போது வந்தது. அம்மாவைப் பார்த்துத்தான் சொன்னான்.

கோரா எதிரே மூன்றடி தூரத்தில், கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் நெஞ்சைத் தேய்த்ததைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். கோபமாக மூடவில்லை. களைத்துப் போனவள் மூடுகிறமாதிரி மூடினாள். ஆனால் அந்த ஜனங்கள் நடுவில் கண்ணை மூடுவது என்றால் என்ன என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் நீ என்ன பேசினாலும் எனக்கு வராது.

அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். மூடிய கண்களுக்கு முன்னால் நின்று ஏழு நிமிஷத்தையும் சொன்னான். கட்டிலைச் சொன்னான், பனியைச் சொன்னான், திரும்பி வந்த மகனைச் சொன்னான். மின்னி ஹஸ்டட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வார்னிஷ்காரன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

முடிந்தது. கை கீழே தொங்கிற்று.

நூறு பேர் இருந்த அறையில் ஒரே ஒரு கைக்குட்டை எழுந்தது. நாற்காலி மேல் நின்ற ஏமஸ் அதை மூன்று விரலில் பிடித்து ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவள் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கைக்குட்டை ஆடுவது மெல்ல மெல்லக் குறைந்தது. அவர் மகனைப் பார்த்து, இன்னொரு கையால் கேட்டார்:

"என்னடா செஞ்சே?"